பசை போட்டு ஒட்டிய தரை

எங்கள் தெருவில் யாராவது வீட்டுக்கு மூங்கில் தரை போட நினைத்தால் முதலில் என்னிடம்தான் வருவார்கள். யாழ்ப்பாணத்தில் அது இன்னும் பெரிதாகப் பரவவில்லை. வசதி உள்ளவர்கள் மாபிள் பதிப்பார்கள், மற்றவர்கள் சீமெந்தை மினுக்கி விடுவார்கள். மூங்கில் போட்ட வீடு இந்தப் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான். அதனால் வருகிறவர்களை இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, தெரிந்ததைச் சொல்வேன்.

மூங்கில் பலகை எல்லாம் ஒன்றல்ல. கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டிச் செய்தது ஒரு வகை. நாராகப் பிரித்து, பசையில் தோய்த்து, இறுக்கி அழுத்திச் செய்தது இன்னொரு வகை. இரண்டாவதை வாங்குங்கள், கதிரைக் கால் பட்டாலும் பள்ளம் விழாது. கறுத்த நிறம் வடிவுதான், ஆனால் அது அவித்து நிறம் ஏற்றியது, கொஞ்சம் மெதுமை. வாங்குவதற்கு முன்பே, போடப்போகிற நிலத்தில் ஒரு பொலித்தீன் துண்டை விரித்து நாலு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் அந்த நிலத்துக்கு மூங்கில் சரிவராது. கறையானுக்கு மருந்து அடியுங்கள். பெட்டிகள் வந்ததும் பிரித்துப் போட்டுவிடாமல், நாலைந்து நாளாவது அதே அறையில் கிடக்க விடுங்கள். எங்கள் உப்புக் காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் பலகை பழக வேண்டும். சுவரோரம் விரலளவு இடைவெளி விடச் சொல்லுங்கள். பிறகு ஒருநாளும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்.

இவ்வளவையும் ஆறுதலாகச் சொல்வேன். பலகையை ஒன்றுக்குள் ஒன்று கொளுவிப் போடுவதா, நிலத்தோடு பசை போட்டு ஒட்டுவதா என்ற கேள்வி வரும்போது மட்டும், "கொளுவிப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு இதுவரை நான் சொன்னதில்லை.

நானும் கணவரும் கரவெட்டி ஆட்கள். மகனை நகரத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பதற்காக, சண்டை நின்று பாதை திறந்திருந்த சமாதான காலத்தில் நகரத்து ஐந்து சந்திக்குக் கிட்ட இந்த வீட்டை வாங்கினோம். விற்றவர் ஒரு முஸ்லிம் பெரியவர். தொண்ணூறாம் ஆண்டில், ஆயுதம் வைத்திருந்த இயக்கத்தால் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொல்லி அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. புத்தளத்தில் போய் இருந்தவர், இனித் திரும்பி வந்து தொழில் தொடங்க வயது இல்லை என்று வீட்டை விற்றார். வீடு மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாங்கினோம். அவர்கள் போன அந்த நாட்களில் நான் இருபத்திரண்டு வயதுப் பெண். கரவெட்டியில் எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் வாய்விட்டுக் கதைத்ததாக எனக்கு நினைவில்லை.

வாங்கும்போது வீட்டில் கதவில்லை, நிலையில்லை, கூரையில் பாதி ஓடு இல்லை. கழற்றிக்கொண்டு போகக் கூடிய எல்லாவற்றையும் யார் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நிலத்தை மட்டும் யாராலும் கொண்டுபோக முடியவில்லை. வீட்டு உறுதிப் பத்திரம் எழுத வந்த பெரியவர், செருப்பை வெளியே விட்டுவிட்டு மேற்குப்புற அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். விலை போதாது என்று யோசிக்கிறாரோ என்று நானும் கணவரும் கண்ணால் கதைத்துக்கொண்டோம்.

அந்த மேற்கு அறையில் ஒரு வினோதம் இருந்தது. மற்ற அறைகளுக்குச் சும்மா சீமெந்துத் தரை. இந்த அறைக்கு மட்டும் சிவப்பும் சாம்பலுமாகச் சதுரக் கல் பதித்திருந்தது. ஆனால் கல் வரிசை சுவரோடு ஒத்துப் போகாமல் ஒரு பக்கமாகச் சரிந்து ஓடியது. நாலு ஓரத்திலும் கல்லை முக்கோணம் முக்கோணமாக வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். நான் கணிதம் படிப்பிக்கிறவள். வீட்டுக்கு ரியூசனுக்கு வந்த பிள்ளைகளைக் கொண்டு ஒருநாள் அந்தச் சரிவைப் பாகைமானி வைத்து அளப்பித்தேன். இருபத்துமூன்று பாகை வந்தது. "மேசன் குடிவெறியிலை பதிச்சிருக்கிறான், இருபத்துமூண்டு பாகை வெறி" என்று சொன்னேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பகிடி எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அந்த அறையைக் காட்டி இருபது வருடம் அதைச் சொன்னேன். அறையைச் சாமான் அறையாகத்தான் வைத்திருந்தோம். பழைய கொப்பிகள், உடைந்த கதிரை, வெங்காயக் காலத்தில் கரவெட்டியிலிருந்து வரும் வெங்காய மூட்டைகள்.

மகனுக்குக் கலியாணம் சரிவந்தபோது, மணமக்களுக்கு அந்த அறையைக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம். வீட்டிலேயே பெரியது அதுதான், சன்னலால் நல்ல காற்றும் வரும். மருமகளாக வர இருந்த பிள்ளை ஒருநாள் வீடு பார்க்க வந்தது. அறைக்குள் நின்று நிலத்தைப் பார்த்துவிட்டு, "மாமி, கோவிக்காதைங்கோ. உந்தக் கல்லைப் பாத்தால் எனக்குத் தலை சுத்துது" என்றது. நான் வழக்கமான பகிடியைச் சொன்னேன். பிள்ளை சிரித்தது. அன்றைக்கே நிலத்தை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லைக் கிளப்பி மாபிள் பதித்தால் தூசியும் நாளும் அதிகம். மேலேயே பலகை போடலாம், மூங்கில் என்றால் மரம் வெட்டின பாவமும் இல்லை என்று மகன் சொன்னான். கடைகடையாக ஏறி இறங்கினேன். மேலே சொன்ன அறிவெல்லாம் அப்போது சேர்த்ததுதான். தேன் நிறத்தில் அழுத்தப் பலகை எடுத்தோம். போட வரவேண்டியவர் கோப்பாயைச் சேர்ந்த ஒரு தச்சுத் தொழிலாளி, நாற்பது வயது மட்டில் இருக்கும், நிதானமான மனிதர். அறையைப் பார்த்ததும் குந்தியிருந்து கையால் கல்லைத் தடவினார்.

"ரீச்சர், இது நல்ல கல்லு. ஒரு இடமும் பதியேல்லை. இதுக்கு மேலை மெல்லிய பஞ்சுத்தாள் விரிச்சுப்போட்டுப் பலகையைக் கொளுவி விடுவம். பிறகு எப்பவாவது வேண்டாமெண்டால் கழட்டலாம், கல்லுக்கு ஒண்டும் ஆகாது."

"ஓம், அப்பிடியே செய்யுங்கோ" என்றேன்.

பெட்டிகள் ஒரு திங்கட்கிழமை வந்தன. அறைக்குள் அடுக்கினோம். ஒரு கிழமை கிடக்கட்டும், அடுத்த திங்கள் வந்து போடுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை பின்னேரம் கேற்றில் ஒரு பெண் நின்றார். என் வயது இருக்கும். தலையை முக்காடிட்டு, தோளில் ஒரு பை. "ரீச்சர் வீடு இதுதானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "நான் இந்த வீட்டிலைதான் பிறந்தனான். வாப்பாதான் உங்களுக்கு வித்தவர்" என்றார்.

என் மனதில் முதலில் வந்தது அன்பு அல்ல, பயம். எங்கள் உறவுக்காரர் ஒருவர் முன்பு சொல்லியிருந்தார், "அவையள் இப்பத் திரும்பி வந்து வீடுகளைக் கேக்கினமாம், உறுதியைக் கவனமா வைச்சிரு" என்று. உறுதியில் ஒரு பிழையும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அவரை விறாந்தைக்கு அப்பால் உள்ளே கூப்பிடவில்லை. அங்கேயே கதிரை போட்டு இருத்தினேன்.

வாப்பா காலமாகி நாலு வருடம் என்றார். தாயாருக்கு நீரிழிவால் கண் முழுதாகப் போய்விட்டது. நகரத்தில் மச்சாள் ஒருத்தி திரும்பிவந்து இருக்கிறாளாம், அவள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்திருக்கிறார்.

"யாழ்ப்பாணம் போறன் எண்டதும் உம்மா ஒண்டே ஒண்டுதான் கேட்டவ. மேற்கு அறைக்குள்ளை போய் நிண்டு எனக்குப் போன் எடு எண்டு. வேறை ஒண்டும் இல்லை ரீச்சர். அஞ்சு நிமிசம்."

"அறை முழுக்கப் பெட்டி. வேலை நடக்குது. இண்டைக்கு ஏலாதே" என்றேன். அது பொய். பெட்டிகளுக்கு நடுவில் நாலு பேர் நிற்க இடம் இருந்தது.

"என்ன வேலை?"

"மூங்கில் பலகை போடுறம். மகனுக்குக் கலியாணம்."

அவருடைய முகம் மாறியது. "அந்தக் கல்லுக்கு மேலையோ?"

"ஓம். கல்லு சரிஞ்சு கிடக்குதெல்லே. மேசன் பிழையாய்ப் பதிச்சிட்டான் போலை."

"மேசன் பதிக்கேல்லை ரீச்சர். வாப்பா பதிச்சது." அவர் அதைச் சண்டைக்குச் சொல்லவில்லை, ஒரு குழந்தைக்கு விளக்குவது போல மெதுவாகச் சொன்னார். "வாப்பா தையல்காரர். வீடு நேர் மேற்கைப் பாத்துக் கட்டினது. நாங்கள் தொழுற திசை நேர் மேற்கு இல்லை, கொஞ்சம் வடக்காலை சரிஞ்சது. உம்மா ஒவ்வொரு தரமும் பாயைச் சரிச்சுப் போடுறதைப் பாத்திட்டு, கல்லையே அந்தப் பக்கம் பாக்கப் பதிச்சுத் தாறன் எண்டாராம். மேசன்மார் மாட்டம் எண்டிட்டினம், தங்களுக்குப் பேர் கெட்டுப்போமாம். அதாலை தானே பதிச்சார். துணி வெட்டுற சோக்குக்கட்டியாலை கோடு போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாய், ஒரு வருசம் பதிச்சவர்."

இருபத்துமூன்று பாகை என்று அளந்தவள் நான். அது ஏன் என்று ஒருதரமும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வரட்டோ? அதுக்கு முந்திப் போட்டிடமாட்டியள்தானே?"

"இல்லையில்லை. அடுத்த கிழமைதான் போடுறது. வெள்ளிக்கிழமை வாங்கோ" என்றேன்.

கேற்றடியில் என் கையைப் பிடித்து, "பெரிய உதவி ரீச்சர்" என்றார்.

அவர் போனதும் நான் அந்த அறைக்குள் போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். வெங்காயச் சருகு மூலையில் கிடந்தது. யாரோ ஒருவர் நெற்றியை வைத்த இடத்தில்தான் இருபது வருடமாக மூட்டை அடுக்கினோம் என்று நினைத்தேன். அதோடு நான் நிறுத்தியிருந்தால் நல்ல மனுசியாக இருந்திருப்பேன். ஆனால் அடுத்து எனக்கு வந்த யோசனை வேறு. வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வந்து கல்லைப் பார்ப்பார். பார்த்தால் அழுவார். அழுத பிறகு, மூடவேண்டாம் என்று கேட்பார். நான் என்ன சொல்வேன்? மருமகளுக்கும் அவள் வீட்டாருக்கும் என்ன சொல்வேன்? இன்றைக்குக் கல்லு, நாளைக்குக் கண் தெரியாத தாயையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். பிறகு வருடா வருடம் வருவார்கள். என் வீட்டில் ஒரு அறை எப்போதும் வேறொருவருடையதாகவே இருக்கும்.

உடனே கோப்பாய்க்காரருக்குப் போன் எடுத்தேன். "நாளைக்கே வந்து போடுங்கோ."

"ரீச்சர், பெட்டி வந்து ரெண்டு நாள்தானே. பலகை காத்துக்குப் பழகேல்லை."

"பரவாயில்லை. இன்னுமொண்டு. கொளுவ வேண்டாம். பசை போட்டு ஒட்டி விடுங்கோ."

"ஒட்டினால் பிறகு கழட்டேலாது. கல்லும் பழுதாப்போம்."

"கழட்ட வேண்டி வராது. கொளுவினால் நடக்கேக்கை பொள்ளெண்டு சத்தம் கேக்குமாமே."

சத்தம் கேட்கும் என்பது கடையில் ஒருவர் சொன்னதுதான். ஆனால் என் காரணம் சத்தம் இல்லை. ஒரு பலகையைத் தூக்கிக் காட்டுங்கோ என்று யாரும் என்னிடம் கேட்கக் கூடாது. அவ்வளவுதான்.

கணவர் வேலையால் வந்ததும் அந்தப் பெண் வந்துபோனதையும் நாளைக்கே பலகை போடுவதையும் சொன்னேன். "அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை வருமெண்டெல்லே சொன்னனீர்?" என்று கேட்டார். "வேலைக்காரருக்குப் பிறகு நேரமில்லையாம்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வியாழக்கிழமை முழுநாளும் வேலை நடந்தது. பசையைப் பல்லுத் தகட்டால் வரி வரியாக இழுத்துப் பூசிப் பலகையை அழுத்தி வைத்தார். சிவப்பும் சாம்பலும் சுவரோரமாகத் தொடங்கி மறைந்துகொண்டே வந்தன. கடைசி வரிசை வாசலடியில். அங்கே ஒரு கல் குறுக்கே வெடித்திருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதன் மேலும் பசை பூசினார். பின்னேரம் பார்த்தபோது அறை கண்ணாடி மாதிரி இருந்தது. பலகைகள் சுவரோடு நேராக ஓடின. தேன் நிறம். மகன் வந்து பார்த்துவிட்டு, "சொல்லி வேலை இல்லை அம்மா" என்றான்.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு அவர் வந்தார். கையில் ஒரு தொதல் இனிப்புப் பொட்டலம். "உம்மா குடுத்துவிட்டவ." வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழி கேட்காமல் நேரே மேற்கு அறைக்குப் போனார். சின்ன வயதில் ஓடித்திரிந்த வீடு, யார் வழி காட்ட வேண்டும். நான் பின்னால் போனேன்.

அறை வாசலில் நின்றுவிட்டார். பசை மணம் இன்னும் போகவில்லை.

"போட்டிட்டியள்" என்றார்.

"வேலைக்காரர் திடீரெண்டு..." என்று தொடங்கினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. அதனால் முடிக்கவில்லை.

அவருடைய கையில் இருந்த போன் அடித்தது. தாயார்தான். மகள் எடுக்கும் வரை பொறுக்க முடியாமல் தானே எடுத்திருக்கிறார். அவர்கள் பழக்கத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்கள் போல. அறை முழுவதும் குரல் கேட்டது.

"போயிட்டியா மகள்?"

"ஓம் உம்மா. அறைக்குள்ளைதான் நிக்கிறன்." அப்போதுதான் உள்ளே காலை வைத்தார்.

"கல்லு இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்ன சொல்வது என்று என்னிடம் கேட்பது போலப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

"இருக்கு உம்மா. அப்பிடியே இருக்கு."

"வாசலடியிலை ரெண்டாவது கல்லு வெடிச்சிருக்கும். நான் உலக்கையைப் போட்டு உடைச்சது. வாப்பா மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை."

"ஓம். வெடிச்சபடிதான் கிடக்கு."

தாயார் சிரிப்பது கேட்டது. பிறகு, "வீட்டுக்காரப் பிள்ளையிட்டைக் குடு" என்றார்.

போனை என்னிடம் நீட்டினார். வாங்கிக் காதில் வைத்தேன்.

"மகள், நீங்கள் சைவ ஆக்கள். உங்களுக்கு அந்தக் கல்லு கோணலாத்தானே தெரிஞ்சிருக்கும். எண்டாலும் மாத்தாமல் வைச்சிருக்கிறியள். ஆண்டவன் உங்கடை பிள்ளையளுக்கு நல்ல வாழ்வு தரட்டும்."

"ஓம் அம்மா" என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்ப்பது போல இருந்தது. "மாத்தேல்லை அம்மா. அப்பிடியே இருக்குது" என்றேன்.

என் நம்பரை மகளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வைத்தார். அந்தப் பெண் நம்பரை எழுதிக்கொண்டார். தேத்தண்ணீர் வேண்டாம் என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு, "உம்மாவுக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். அவ இனிமேல் பாக்கப்போறேல்லைத்தானே" என்றார். தொதல் பொட்டலம் மேசையில் கிடந்தது. அதை வீட்டில் யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எறியவும் மனம் வரவில்லை. கடைசியில் பூஞ்சணம் பிடித்துத்தான் போனது.

ஞாயிற்றுக்கிழமை கோப்பாய்க்காரரை மறுபடி வரச்சொன்னேன். வாசலடியில் ஒரு பலகையை மட்டும் கிளப்பிப் பாருங்கோ என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. அலவாங்கை நுழைத்து மெல்ல நெம்பினார். பலகை நார் நாராகக் கிழிந்தது. இன்னும் நெம்பியபோது ஒரு துண்டு படாரென்று வந்தது. திருப்பிப் பார்த்தார். பலகையின் அடியில் கல்லின் சிவப்பு மேல்தோல் முழுவதும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கீழே நிலத்தில் வெறும் சாம்பல் சீமெந்து, சொரசொரவென்று.

"நான் அப்பவே சொன்னனான் ரீச்சர்."

"ஓம், சொன்னனீங்கள்தான்."

மிச்சம் இருந்த பலகை ஒன்றை வெட்டி அந்த இடத்தை மூடினார். அந்த ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் வெளிறிய நிறம். மருமகள் இன்றுவரை அதைக் கவனித்ததில்லை.

கலியாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், பின்னேரம் நாலரை மணிக்குத் தாயார் போன் எடுத்தார். சும்மா சுகம் விசாரிக்க என்றார். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருதரம், அதே நேரத்துக்கு எடுப்பார். அசர் தொழுதுவிட்டுத்தான் எடுக்கிறார் என்று எனக்குப் பிறகு புரிந்தது. மேற்குச் சன்னலால் வெயில் இப்போதும் எந்த மூலை வரை வருகிறது என்று கேட்பார். கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிட்டதா என்பார். நான் எல்லாவற்றுக்கும் உண்மையான பதில் சொல்வேன். கல்லைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நினைவிலிருந்து சொல்வேன். "மழைக்குக் குளிர்ந்து போய்க் கிடக்குது அம்மா." "சிவப்பு மங்கேல்லை அம்மா." ஒரு பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு துல்லியம் வேண்டியிருக்கிறது. அந்தக் கல்லை இருபது வருடம் மிதித்த காலத்தில் நான் இவ்வளவு நினைத்துப் பார்த்ததே இல்லை.

அந்தப் போன் கதைகளுக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன் என்பதையும் சொல்லவேண்டும். என் தாய் போய்ப் பத்து வருடம். என்னை மகள் என்று கூப்பிட வேறு யாரும் இல்லை. அது என் குற்றத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

ஒருநாள் அவர் சொன்னார், "நோன்புப் பெருநாள் கழிய நானும் வாறன் மகள். கண் தெரியாட்டிலும் காலாலை தெரியுந்தானே. அந்த வரியைக் காலாலை தடவினாலே எந்தப் பக்கமெண்டு பிடிச்சிடுவன்."

போனை வைத்துவிட்டு உடனே அவருடைய மகளுக்கு எடுத்தேன். அவர் அமைதியாகத்தான் கேட்டார். "நான் ஏதாவது சாட்டுச் சொல்லி மறிக்கிறன். பஸ்ஸிலை அவ்வளவு தூரம் ஏலாது எண்டு டொக்டர் சொன்னவர் எண்டு சொல்லுறன். நீங்கள் வாய் திறக்காதைங்கோ ரீச்சர்."

சரி என்றேன். ஆனால் அடுத்த முறை தாயார் எடுத்து, டொக்டர் விடமாட்டன் எண்டிட்டாராம் என்று குரல் கம்மச் சொன்னபோது என்னால் முடியவில்லை.

"அம்மா, கல்லு இல்லை" என்றேன். "நான் மூடிப்போட்டன். பலகை ஒட்டிப்போட்டன்."

"எப்ப?"

"உங்கடை மகள் வாறதுக்கு முதல் நாள்."

"அப்ப நீ என்னோடை கதைக்கேக்கை, அதுக்கு மேலை நிண்டுகொண்டுதான் கதைச்சனீ?"

அதுவரை நீங்கள் என்றவர், நீ என்றார்.

"ஓம் அம்மா."

"என்ரை பிள்ளையையும் பொய் சொல்ல வைச்சிட்டாய்" என்றார். வைத்துவிட்டார்.

அன்று பின்னேரமே மகள் எடுத்தார். அவர் கத்தவில்லை. "சொல்லவேண்டாம் எண்டு கெஞ்சினனான். சொல்லிப்போட்டியள். இப்ப உங்கடை மனம் லேசாப் போயிருக்கும். இஞ்சை உம்மா என்னோடை கதைக்கிறேல்லை. சாப்பிடவும் இல்லை." நான் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்று கேட்டார். எதற்கு என்று எனக்கு ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. மூடியதற்கா, ஒட்டியதற்கா, பொய்க்கா, உண்மைக்கா. உண்மையைச் சொன்னதும்கூட அந்த அம்மாவுக்காக இல்லை, என்னால் தாங்க ஏலாமல் போனதற்காகத்தான் என்பதை அவர் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் நானும் கணவரும் புத்தளத்துக்குப் போனோம். வரலாமா என்று கேட்டு மூன்று முறை செய்தி அனுப்பியிருந்தேன். மூன்றாவதுக்கு, "வாறதெண்டால் வாங்கோ" என்று மட்டும் பதில் வந்தது. தகரக் கூரை போட்ட சின்ன வீடு. மகள் வாசலுக்கு வந்து உள்ளே கூப்பிட்டார். தாயார் கட்டிலில் இருந்தார். நான் நினைத்திருந்ததைவிட ஒடுங்கிய உருவம். நான் சலாம் சொல்லவா, கும்பிடவா என்று தெரியாமல் நின்றேன். பிறகு நிலத்தில், அவருடைய காலடியில் இருந்தேன்.

"ஆர், ரீச்சரோ?" என்றார்.

"ஓம் அம்மா."

"மேலை கதிரையிலை இரு. நிலம் ஈரம்."

தேத்தண்ணீர் வந்தது. என் கணவரோடு கதைத்தார். பஸ்ஸில் இடம் கிடைத்ததா, வழியில் மழையா என்று கேட்டார். என் மகனையும் மருமகளையும் விசாரித்தார். கல்லைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. நான் எடுத்துப் போயிருந்த பனங்கட்டிப் பையை மகள் வாங்கி உள்ளே வைத்தார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. தாயார் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள் அறைக்குப் போனார். மகள் பின்னால் போய்ப் பாயைச் சரித்து விரித்து, அவருடைய இரண்டு தோளையும் பிடித்துக் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பி விட்டார். திறந்திருந்த கதவால் நான் அதைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஐந்து தரம் இப்படித்தான் யாராவது திருப்பிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவருக்கு அந்த உதவி தேவைப்பட்டிராது, கால் போதும்.

நாங்கள் புறப்படும்போது தாயார் மறுபடி முன்னறைக்கு வந்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் இல்லை.

"என்ரை மகளோடை நான் கதைக்கத் தொடங்கிட்டன். அவள் என்ன செய்வாள்" என்றார். "உன்னிலை எனக்கு இன்னும் கோபம் ஆறேல்லை. ஆறினால் நானே போன் எடுப்பன். நீ எடுக்காதை."

சரி அம்மா என்றேன்.

இரவு பஸ்ஸில் கணவர் என் தோளைத் தட்டி, "கட்டாயம் எடுப்பா, பாரும்" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாரி போய்விட்டது. மகனும் மருமகளும் அந்த அறையில்தான் படுக்கிறார்கள். பலகை ஓரிடத்திலும் உப்பவில்லை, காற்றுக்குப் பழகாமல் போட்டதற்கு அது பெரிய அதிசயம் என்று கோப்பாய்க்காரர் சொல்கிறார். பின்னேரம் நாலரை மணிக்கு நான் வெளியே எங்கும் போவதில்லை. அந்த அம்மா இன்னும் எடுக்கவில்லை.